மற்றும் இருபத்திரண்டு பேர்

தலவாக்கலையில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கொழும்பில் விற்கிற சட்டத் தரவுத்தளத்துக்குப்
பழைய தீர்ப்புகளைத் துடைத்துக் கொடுக்கிறேன்.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூவா.

ஸ்கேன் போட்ட தாளை இயந்திரம் வாசிக்கும்.
குறை சொல்லக் கூடாது, நன்றாகவே வாசிக்கும்.
லத்தீனில் ஒரு புள்ளி பிசகாது,
நீதியரசர்கள் முதலெழுத்தோடு முழுசாய் வருவார்கள்.
எங்கள் பெயர் வந்தால்தான் அதற்குக் கண் பூத்துப்போகும்.
இங்கிலீஷ் எம்மை
ஆர், என் என்று இரண்டாய்ப் பிளந்துவிடும்.
சிவனம்மா
சிவனர்னர்னா ஆகிவிடுவாள்.
நான் பின்னாலேயே போய் ஒட்டவைப்பேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது அந்த வழக்கு:
தோட்ட சுப்ரின்டென்டன், அப்பர் டன்ரோஸ்,
எதிர்
சிவனம்மா மற்றும் இருபத்திரண்டு பேர்.

அப்பர் டன்ரோஸ் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
பஸ் கொண்டக்டருக்கும் அது நரிப்பாறை.
தேடற்பெட்டியில் நரிப்பாறை என்று அடித்தேன்.
முடிவுகள் இல்லை.
நீங்கள் தேடியது பரப்பெட் சுவர்தானா?

பன்னிரண்டு பக்கம்.
மண் சரிந்த மலையில் கொழுந்தெடுக்க மாட்டோம் என்றார்கள்,
பத்துச்சீட்டு கொடுத்தாயிற்று,
காம்பராவைக் காலி பண்ணச் சொல்லியாயிற்று.
மழை எத்தனை நாள் பெய்தது என்று எங்கும் இல்லை.
பதினோராம் பக்கம், ஒன்பதாம் வரி,
இரண்டு கால்புள்ளிக்கு நடுவில்
நீதியரசர் போகிறபோக்கில் சொல்கிறார்:
எதிர்மனுதாரர்கள், நான் அறிந்தமட்டில்,
இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

தலைக்குறிப்புக்கு ஒரு சொல் தெரிய வேண்டும்.
பட்டியலை இறக்கிப் பார்த்தேன்:
குத்தகை. உரிமம். அத்துமீறல். மீறித் தங்கல்.
லயம் இல்லை.
புதுச்சொல் வேண்டும் என்று மனு அனுப்பினேன்.
பதிப்பாசிரியர் நிரோஷா மேடம் உடனே பதில் போட்டார்:
உள்ள சொல்லைப் பாவிக்கவும்.
அத்துமீறலின் மேல் மவுஸைக் கொண்டுபோனேன்,
விரல் அமுக்க மறுத்தது.
'பிற' என்று போட்டேன்.

இருபத்திரண்டு பேர்?
அட்டவணையைப் பார்க்க, என்கிறது தீர்ப்பு.
அட்டவணையை அச்சடிக்கவே இல்லை.
அந்த வருஷம் தாள் விலை ஏறியிருந்ததோ என்னவோ.

ராத்திரி உதவிச் சாளரமும் என் தலையில்தான்.
பதினொன்றேகாலுக்கு ஒரு செய்தி,
ஹட்டன் சட்டத்தரணி மருதவீரன்:
"லயன் காம்பரா வழக்கு ஏதும் இருக்கா, மிஸ்?
நாளைக்கு நுவரெலியாவில் தவணை.
இலவசக் காலம் பன்னிரண்டு மணியோடு முடிகிறது.
சந்தா, எங்கள் ஒபிஸ் வாடகையை விடக் கூட."

விதிப்படி இணைப்பை மட்டும்தான் அனுப்பலாம்.
இணைப்பு நள்ளிரவில் பூட்டிக்கொள்ளும்.
எழுதினேன்:
லயம் என்று தேடாதீர்கள், 'பிற' என்று தேடுங்கள்.
பதினோராம் பக்கம். ஒன்பதாம் வரி.
போனில் ஒரு போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

பதினொன்று நாற்பத்தொன்று. பார்த்துவிட்டார்.
கீழே மருந்துக்கடை ஷட்டர் எப்போதோ விழுந்திருந்தது,
மூடுபனி வந்து கண்ணாடியில்
ரௌட்டரின் பச்சை விளக்கைப் பெரிதாக்கியிருந்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு மறுபடி எழுதினார்.
தவணை தள்ளிப் போயிற்றாம்.
போட்டோ செல்லாது, அச்சுப்பிரதி வேண்டுமாம்.
தோட்டத்துப் பக்கம் இன்னொன்றும் கேட்டதாம்:
இப்போது காம்பராவில் இருப்பது
அந்த இருபத்திரண்டு பேரில் யாருடைய பிள்ளைகள்,
பெயரைக் காட்டு.

பன்னிரண்டு பக்கம், இருநூற்றுப் பதினாறு ரூவா.
சமர்ப்பித்தால் வெள்ளிக்கிழமை கணக்கில் விழும்.
தரப்பினர் பெட்டியில்
சிவனம்மாவை ஒட்டவைத்துவிட்டேன்.
அவளுக்குப் பக்கத்தில் அந்த மூன்று சொல்.
இன்னும் அனுப்பவில்லை.